முயல் திடீரெண்டு சாகிறதில்லை

"நேற்று வரைக்கும் நல்லாத்தான் நிண்டது, விடிய எழும்பிப் பார்த்தா செத்துக் கிடக்குது." முயல் வளர்த்த வீடுகளில் இந்த வசனத்தை அடிக்கடி கேட்கலாம். கூடவே ஒரு தீர்ப்பும் வரும்: முயல் ராசியில்லாத பிராணி, வளர்க்க ஏலாது. எனக்கு இந்தத் தீர்ப்போடு உடன்பாடில்லை. முயல் தன் வருத்தத்தை மறைக்கிறது. நாங்கள் தவறான இடத்தில் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

மறைப்பதற்குக் காரணம் இருக்கிறது. இயற்கையில் அது இரையாகும் பிராணி. நொண்டினாலோ சோர்ந்து படுத்தாலோ நரியும் பருந்தும் முதலில் அதைத்தான் குறிவைக்கும். கூட்டுக்குள்ளேயே பிறந்த முயலுக்கும் அந்தப் பழக்கம் விட்டுப்போகவில்லை. நாய் மாதிரி முனகாது. ஒரு மூலையில் பேசாமல் குந்தியிருக்கும், அவ்வளவுதான். ஆகவே முகத்தைப் பார்த்துப் பிரயோசனமில்லை, கூட்டுக்குக் கீழே பாருங்கோ. விடியக்காலமை எவ்வளவு புழுக்கை கிடக்குது, என்ன அளவில கிடக்குது என்பதுதான் முயலின் உடம்பு சொல்லும் கதை. புழுக்கை சிறுத்தாலோ, அரை நாளாகச் சாப்பாட்டைத் தொடாமல் இருந்தாலோ அது "நாளைக்குப் பார்ப்பம்" என்று விடுகிற விஷயமில்லை. முயலின் குடல் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். நின்றால் வாயு கட்டும், வலியில் இன்னும் சாப்பிடாது, சாப்பிடாததால் குடல் இன்னும் மந்தமாகும். வாந்தி எடுக்கிற வசதியும் அதுக்கு இல்லை.

குடல் நிற்பதற்குப் பெரும்பாலும் நாங்கள் போடும் சாப்பாடுதான் காரணம். கார்ட்டூன் பார்த்து வளர்ந்த எங்களுக்கு முயல் எண்டால் கரட். அது சீனி நிறைந்த கிழங்கு, எப்பவாவது ஒரு துண்டு போதும். பாண், பிஸ்கட், மிஞ்சின சோறு எல்லாம் அதைவிட மோசம். இதைச் சொன்னால், "எங்கட முயல் விரும்பித் தின்னுது" என்பார்கள். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பவர்களோடு என்ன கதைக்கிறது? முயலின் பல் சாகும்வரை வளரும். அதைத் தேய்ப்பது நார் நிறைந்த புல்லை மணிக்கணக்காக மெல்லுகிற வேலைதான். புல் குறைந்தால் பல் கோணலாக வளர்ந்து கன்னத்தையும் நாக்கையும் குத்தும், முயல் பட்டினி கிடக்கும். ஆக, ஒவ்வொரு நாளும் சாப்பாட்டில் பெரும்பங்கு புல்லும் வைக்கோலும் தான். மருந்தடிச்ச வயல் வரம்பிலோ நாய் திரியும் இடத்திலோ பிடுங்கின புல்லாக மட்டும் இருக்கக்கூடாது.

குட்டிகளைக் கொண்டுபோவது வேறொன்று: கொக்சிடியோசிஸ். குடலைத் தாக்கும் ஒட்டுண்ணி. புழுக்கையோடு வெளியே வந்து, ஈரமும் சூடும் கிடைத்தால் ஓரிரு நாளில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். எங்கட மாரியில் நனைந்த சாக்கு விரித்த கூடு அதற்கு நல்ல இடம். வயிறு ஊதி, கழிந்து, மெலிந்து போகும். நாளாந்தம் கூட்டித் துடைப்பதற்கு அர்த்தம் இதுதான், மணத்துக்காக மட்டுமில்லை. சாதாரண கிருமிநாசினிக்கு இது இலேசில் மசியாது. கொதிதண்ணி ஊற்றிக் கழுவி நல்ல வெயிலில் காயவிடுவது மேல். புழுக்கை கீழே விழட்டும் என்று அடித்தளம் முழுக்கக் கம்பி வலை அடிக்கிறவர்களும் உண்டு. முயலின் பாதத்தில் நாய்க்கு இருக்கிற மாதிரி மெத்தை இல்லை, கம்பியில் நிண்டு நிண்டு குதிகால் புண்ணாகும். பாதி இடத்துக்காவது பலகை போடுங்கோ.

காதுக்குள் மண்ணிறப் பொருக்கு, மூக்கிலும் விரல்களிலும் வெள்ளைச் செதில் எண்டால் அது சொறிப்பூச்சி. மிருக வைத்தியர் இடைவெளி விட்டுப் போடும் ஐவர்மெக்டின் ஊசிக்கு அடங்கிவிடும். ஆனால் சொறிநாய்க்குப் பூசும் கழிவொயிலைப் பூசச் சொல்லும் ஆட்கள் ஊருக்கு ஊர் இருக்கினம். முயல் நாள்முழுக்கத் தன்னை நக்கித் துப்புரவாக்கும் பிராணி, பூசுவதெல்லாம் வயிற்றுக்குள் போகும். நாய்க்கு உண்ணிக்கு விடும் பிப்ரோனிலும் முயலுக்கு ஆபத்து. வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் அமொக்சிசிலினைக் கரைத்துப் பருக்குவது எல்லாவற்றிலும் கொடுமை. குடலில் இருக்கும் நல்ல பக்டீரியாக்களை அது அழிக்க, கெட்டவை பெருகி, வந்த தடிமனை விட வேகமாக முயலைக் கொல்லும்.

இவ்வளவுக்கும் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. மாட்டுக்கு வருத்தம் எண்டால் வைத்தியரைக் கூப்பிடுவோம், அதுக்கு விலை இருக்கு. நாய்க்கு விசர்நாய்த் தடுப்பூசி போடுவோம், எங்களுக்குப் பயம். முயலுக்கு? "வைத்தியருக்குக் குடுக்கிற காசில புதுசு ரெண்டு வாங்கலாம்." பிறந்தநாளுக்குப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கும் விளையாட்டுப் பொருளின் கணக்கு இது. விலை குறைந்த உயிருக்கு வலியும் குறைவு என்று யார் சொன்னது? செத்ததைத் தாட்டுவிட்டு, கழுவாத அதே கூட்டில் அடுத்த குட்டியை விடுகிறோம். பழைய புழுக்கை அங்கேயே காத்திருக்கிறது.

வாங்கத்தான் போகிறீர்கள் எண்டால், 8 கிழமை ஆகாத குட்டியை வாங்காதேங்கோ. தாய்ப்பால் மறந்தவுடன் விற்கப்படும் குட்டியின் குடல் புதுச் சாப்பாட்டையும் புது இடத்தையும் ஒன்றாகத் தாங்காது. ஏற்கனவே முயல் இருந்தால் புதுசை இரண்டு கிழமையாவது தனியாக வையுங்கோ. சித்திரை வெக்கைக்குத் தகரக் கூரை வேண்டாம், கிடுகு போடுங்கோ. முயலுக்கு வியர்க்காது, காதால்தான் சூட்டை வெளியே விடும். மத்தியானத்தில் ஐஸ் கட்டின தண்ணிப் போத்தலைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தால், அதில் சாய்ந்து படுத்துக்கொள்ளும்.