மூடிய கிணற்றுக்கும் சான்று வேண்டும்

டெல்டாவின் கடலோரக் கிராமங்களில் போர்வெல் போடுபவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். மேல் அடுக்கில் உப்புத் தண்ணீர், கீழ் அடுக்கில் நல்ல தண்ணீர் என்றால், உப்பு அடுக்கு முழுவதையும் துளையில்லாத கேசிங் பைப்பால் மறைத்துவிட்டு, நல்ல தண்ணீர் வரும் இடத்தில் மட்டும் ஃபில்டர் பைப் இறக்குவார்கள். பைப்பைச் சுற்றியுள்ள இடைவெளியைச் சரியாக அடைக்காவிட்டால், மேலே இருக்கும் உப்பு கீழே இறங்கி நல்ல ஊற்றையும் கெடுத்துவிடும்.

எண்ணெய்க் கிணற்றிலும் இதே கணக்குதான். ஆழம் மட்டும் பல மடங்கு அதிகம். இரும்புக் குழாயை இறக்கி, குழாய்க்கும் மண்ணுக்கும் நடுவே சிமென்ட் கரைசலை ஏற்றி இறுக்குகிறார்கள். பிறகு எண்ணெய் இருக்கும் அடுக்குக்கு நேராகச் சிறு வெடிகளால் குழாயில் துளையிடுகிறார்கள். நாள்பட, அந்தத் துளைகள் வழியே எண்ணெய்க்குப் பதில் உப்பு நீர் வரத் தொடங்கலாம். குழாய் அரித்து வேறு இடத்தில் ஓட்டை விழலாம். முதலில் ஏற்றிய சிமென்ட்டில் இடைவெளி இருக்கலாம். இந்த வேண்டாத வழிகளை அடைக்க, சிமென்ட் கரைசலை அதிக அழுத்தத்தில் துளைகளுக்குள் செலுத்துகிறார்கள். துணியில் மாவைக் கட்டிப் பிழிந்தால் நீர் வெளியேறி மாவு தங்குவதுபோல, கரைசலின் நீர் பாறைக்குள் போய்விட, சிமென்ட் துளையில் தங்கி இறுகுகிறது. முதல் முயற்சியிலேயே அடைபடாமல் மீண்டும் செய்ய நேர்வதும் உண்டு.

இதை விவசாயி ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்? ஒரே வேலை இரண்டு காரணங்களுக்காக நடக்கலாம் என்பதால்தான். கிணற்றை நிரந்தரமாக மூடவும் சிமென்ட் செலுத்துவார்கள். தண்ணீர் வரும் துளையை அடைத்துவிட்டு, வேறு அடுக்கில் புதுத் துளையிட்டு உற்பத்தியைத் தொடரவும் சிமென்ட் செலுத்துவார்கள். இரண்டுக்கும் ரிக் வரும், லாரிகள் வரும், இரவு பகலாக வேலை நடக்கும். ஊரில் ஒரு தரப்பு ‘புதிய கிணறு தோண்டுகிறார்கள்’ என்று மறியல் செய்யும். மறு தரப்பு ‘பராமரிப்புப் பணி’ என்று விளக்கம் தரும். எது உண்மை என்று சொல்லும் காகிதம் கிராமத்தில் யார் கையிலும் இருப்பதில்லை.

நாகப்பட்டினம் மாவட்டம் நரிமணம் பகுதியில் 1980-களிலிருந்தே எண்ணெய் எடுக்கப்படுகிறது. 2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் உடைந்து வயலில் கசிந்தது. 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. டெல்டாவில் புதிதாக எண்ணெய், எரிவாயு எடுக்கும் திட்டங்களுக்கு அது தடை விதித்தது. பெரிய வெற்றிதான். ஆனால், ஏற்கெனவே நடந்துவரும் பணிகளை அந்தச் சட்டம் தொடவில்லை. புதிய கிணறு வேண்டாம் என்று போராடிய நாம், பழைய கிணறு எப்படி மூடப்படுகிறது என்று கேட்க மறந்துவிட்டோம்.

மூடுவதைச் சாதாரணமாக நினைக்க முடியாது. 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் கிணற்றின் அடியில் இருந்த சிமென்ட் வாயுவைத் தடுக்கத் தவறியது. அன்று வெடித்த விபத்தில் 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். அமெரிக்காவில் உரிமையாளர் இல்லாமல் கைவிடப்பட்ட கிணறுகளை மூடவும் நிலத்தைச் சீர்செய்யவும் 2021-இல் அரசே 470 கோடி டாலர் ஒதுக்க வேண்டியிருந்தது. லாபம் எடுத்தவர்கள் போய்விட்டார்கள். செலவு மக்கள் தலையில் விழுந்தது.

நம் நாட்டிலும் எண்ணெய்ச் சுரங்க ஒழுங்குமுறைகள், கைவிடப்படும் கிணறுகளை முறையாக அடைக்கச் சொல்கின்றன. அடைத்ததற்கான பதிவும் நிறுவனத்திடம் இருக்க வேண்டும். பக்கத்து வயல்காரருக்கு அது தெரிய வேண்டாமா?

நாம் கேட்க வேண்டியவை நான்கு. முதலாவது, ஒவ்வொரு ஊராட்சியிலும் உள்ள எண்ணெய்க் கிணறுகளின் பட்டியல். சர்வே எண், இப்போதைய நிலை, மூடப்பட்டிருந்தால் எந்தத் தேதியில், எந்த ஆழத்தில் சிமென்ட் வைக்கப்பட்டது என்பது அதில் இருக்க வேண்டும். இரண்டாவது, ரிக் வருவதற்கு முன்பே கிராம சபையில் நோக்கத்தைச் சொல்ல வேண்டும்: மூடவா, உற்பத்தியைத் தொடரவா? வேலை முடிந்ததும் அழுத்தச் சோதனையின் முடிவைத் தமிழில் வைக்க வேண்டும். மூன்றாவது, சுற்றிலும் உள்ள போர்வெல்களின் நீரை வேலைக்கு முன்பும் பின்பும் பரிசோதிக்க வேண்டும். உப்பு ஏறிய ஒவ்வொரு போர்வெல்லுக்கும் எண்ணெய்க் கிணறே காரணம் என்று சொல்லிவிட முடியாது. கடல்நீர் உட்புகுவதும், அளவுக்கு மீறி நீர் இறைப்பதும் காரணமாக இருக்கலாம். முன்கூட்டியே எடுத்த அளவு இல்லாவிட்டால், குற்றம் சாட்டவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

நான்காவது, நிலம். கிணற்றுக்காகக் கப்பி கொட்டி இறுக்கிய இடத்தில் நாற்று வேர்விடாது. கப்பியை அள்ளி, கழிவுக் குழியைச் சுத்தம் செய்து, வண்டல் மண் நிரப்பித் திருப்பித் தந்தால்தான் கிணறு மூடப்பட்டதாக அர்த்தம். பிற்காலத்தில் சிமென்ட் விரிசல் விட்டால் மறுபடி அடைக்க, இப்போதே வைப்புத்தொகையும் வேண்டும்.

ரிக்கைக் கண்டால் மறிப்பதும், போலீஸ் பாதுகாப்புடன் வேலையை முடிப்பதும் எத்தனை நாளைக்கு? சரியாக மூட வரும் ரிக்கையும் மறித்துவிட்டால், நஷ்டம் நமக்குத்தான். விதை மூட்டையில் சான்று அட்டை இருக்கிறதா என்று பார்த்து வாங்குகிறோம். நம் வயலுக்கு அடியில் வைக்கப்படும் சிமென்ட்டுக்கும் அப்படி ஒரு சான்றைக் கேட்போம். அடுத்த கிராம சபையிலேயே அதைத் தீர்மானமாகக் கொண்டுவரலாம்.