தூண்டிலும் எழுதுகோலும்

பொழுதுபோக்கைப்பற்றி எழுதுதல் கற்றோர்க்குச் சிறுமையென எண்ணுவார் பலர். அவ்வெண்ணம் பொருந்தாதென்பதற்கு வில்லியம் ஸீனியர் என்னும் ஆங்கிலப் பத்திரிகாசிரியரின் வாழ்க்கையே தக்க சான்றாகும்.

விக்டோரியா மகாராணியார் காலத்தில் லண்டன் 'டெய்லி நியூஸ்' பத்திரிகையின் சிறப்பு நிருபராயிருந்த இவர், ஓய்வு வாய்த்தபோதெல்லாம் தூண்டிலோடு ஆற்றங்கரையை நாடினார். 'ரெட் ஸ்பின்னர்' என்பது இவர் புனைபெயர். டிரௌட் என்னும் மீனைப் பிடிப்போர் தூண்டில் முள்ளிற் கட்டும் செயற்கை ஈயொன்றின் பெயரும் அதுவே. 1875-ல் 'வாட்டர்சைடு ஸ்கெட்சஸ்' என்னும் நூலை வெளியிட்டார். பின்னர் ஆஸ்திரேலியாவிலுள்ள குவின்ஸ்லாந்து சென்று, சட்டசபைப் பேச்சுக்களைக் குறிக்கும் அலுவலில் அமர்ந்தார். டாஸ்மேனியாவிலும் நியூஸிலாந்திலும் தூண்டிலிட்டுத் திரிந்த வரலாற்றை 1880-ல் நூலாக்கினார். தாயகம் மீண்டபின் 'தி ஃபீல்டு' என்னும் வாரப்பத்திரிகையிற் பணியாற்றி, 1900 முதல் 1909 வரை அதன் ஆசிரியராய் விளங்கி, 1920-ல் காலமானார்.

செயற்கை ஈ கொண்டு மீன்பிடித்தல் சோம்பர் தொழிலன்று. நீரின் தெளிவென்ன, காற்று எத்திசையது, மீன் இப்பொழுது உண்ணும் பூச்சி யாது என்பவற்றையெல்லாம் நோக்கியறிதல் வேண்டும். நிருபனுக்கு வேண்டுவனவும் இப்பொறுமையும் இக்கூர்நோக்குமே யன்றோ? சிறு பொருளையும் கருத்தூன்றிக் கண்டெழுதினால் அவ்வெழுத்து நிலைபெறும் என்பது என் துணிபு.

எனினும், விருப்பத்தோடு காண்பவன் அனைத்தையும் கண்டவனாகான். டிரௌட் மீன் தென்னாடுகளுக்கு உரியதன்று. 1864-ல் 'நார்ஃபோக்' என்னும் கப்பலில், பனிக்கட்டியும் பாசியும் இட்ட பெட்டிகளில் அதன் முட்டைகள் இங்கிலாந்தினின்று ஏற்றப்பெற்று, ஏறக்குறைய மூன்று மாதம் கடல் கடந்து டாஸ்மேனியாவிற்குப் போயின. அங்கிருந்து நியூஸிலாந்திற்கும் பரவின. அது பெருஞ்சாதனையென அக்காலத்தார் மகிழ்ந்தனர். ஆனால் வந்தேறிய மீன் அந்நாட்டு ஆறுகளின் சிறு மீன்களை இரையாக்கிற்று. அவற்றுட் பல அருகின என்பதை இன்று அறிவோம். தூண்டிலிடுவார்க்கு இன்பமளித்த அதுவே ஆற்றுக்குக் கேடாயிற்று.

இதனால் ஸீனியரின் நூல்களைத் தள்ளுதல் கூடாது. ஓர் ஆறு ஒரு காலத்தவர் கண்ணுக்கு எவ்வாறு தோன்றிற்று என்பதற்கு அவை சாட்சி. மாணவ நண்பர்களே! நீங்களும் கண்டதை உள்ளவாறு எழுதுங்கள். அதனோடு, நாம் விரும்புவது வேறெவ்வுயிரின் இடத்தைக் கவர்கின்றது என்பதையும் உசாவுங்கள். விருப்பம் கண்ணைத் திறக்கும். அவ்வினாவே அதனை அகலச்செய்யும்.