பாகத்தை ஜெயிக்கணுமா, வாங்கணுமா?

"கம்ப்யூட்டர் வாங்கியாச்சு சார், பையன் கேம்ஸ் கேட்கிறான். எதை வாங்கித் தரலாம்?" புதிதாக கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் இதற்குத்தான் முதலிடம். ஆன்டி வைரஸ் பற்றிய கேள்விகூட இதற்கு அப்புறம்தான்! சுடுவது, வெட்டுவது எல்லாம் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுவார்கள். "பைக் ரேஸ், ஜீப் ரேஸ் மாதிரி ஏதாவது சொல்லுங்க, அதில் என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது?" என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக் கொண்டிருந்தேன், என் அக்கா வீட்டில் அந்த பேங்க் மெசேஜ் வரும் வரைக்கும்.

அக்கா மகன் ஏழாம் வகுப்பு. அம்மாவின் மொபைலில் ஒரு மலை ஏறும் பைக் கேம் விளையாடுவான். இலவச கேம்தான். ஒரு மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தபோது 89 ரூபாய், 179 ரூபாய் என்று துண்டு துண்டாக 1,500 ரூபாய்க்கு மேல் போயிருந்தது. கார்டு விவரம் ஏற்கெனவே போனில் சேமித்து வைத்திருந்தது. ஓடிபி கேட்காதா என்கிறீர்களா? கேட்டது. ஆனால் ஓடிபி வந்தது அதே போனில்தானே!

அக்கா என்னைக் கூப்பிட்டுப் பஞ்சாயத்து வைத்தாள். பையன் அழவில்லை, மறைக்கவும் இல்லை. "மாமா, அந்த ஷாக் அப்சார்பர் இல்லாம மூணாவது மலையைத் தாண்டவே முடியாது. வேணும்னா நீங்க ஓட்டிப் பாருங்க" என்று போனை நீட்டினான். ஓட்டிப் பார்த்தேன். அவன் சொன்னது உண்மை. அந்த மலை, ஷாக் அப்சார்பரை விற்பதற்காகவே அங்கே வைக்கப்பட்டிருந்த மலை.

இந்த வகை கேம்ஸை அறியாதவர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். சாதாரண ரேஸ் கேமில் தார் ரோடு இருக்கும், நீங்கள் வேகமாகப் போக வேண்டும், அவ்வளவுதான். ஆஃப்-ரோடு ஸ்டன்ட் ரேஸில் ரோடே கிடையாது. சேறு, மணல், குன்று, பள்ளம். மேட்டில் வேகமாக ஏறினால் வண்டி அந்தரத்தில் பறக்கும். பறக்கும் நேரத்தில் ஹேண்டில்பாரை விட்டுவிட்டு சர்க்கஸ் செய்யலாம். இதோடு வண்டியை உங்கள் விருப்பம்போல் மாற்றிக் கட்டும் வசதியும் சேர்ந்து வரும். அதற்கென்று கேமுக்குள்ளேயே ஒரு கராஜ் இருக்கும். நான் பேச வந்தது இந்த கராஜைப் பற்றித்தான்.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது 'மோட்டோக்ராஸ் மேட்னஸ்' கேமில். அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரில் இருந்த ரெயின்போ ஸ்டுடியோஸ் உருவாக்கி, மைக்ரோசாஃப்ட் 1998ல் வெளியிட்டது. 2000ல் இரண்டாம் பாகம் வந்தது. ரேஸை மறந்துவிட்டு வெட்டவெளியில் சுற்றிக் கொண்டே இருக்கலாம். மேப்பின் எல்லையில் செங்குத்தாக ஒரு மலை நிற்கும். அடம் பிடித்து அதில் ஏறி அந்தப் பக்கம் தாண்டினால், கண்ணுக்குத் தெரியாத பீரங்கி ஒன்று வெடித்து உங்களையும் பைக்கையும் கிலோமீட்டர் கணக்கில் திருப்பி வீசும். அந்தப் பீரங்கிக்காகவே விளையாடியவர்கள் உண்டு. நானும் அதில் ஒருவன். ஆனால் அதில் வண்டியைத் தேர்ந்தெடுக்கலாமே தவிர, நட்டு போல்ட்டாகக் கட்ட முடியாது.

கட்ட வைத்தது 'ப்யூர்'. இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் இருந்த பிளாக் ராக் ஸ்டுடியோ தயாரித்து, டிஸ்னி நிறுவனம் 2008 செப்டம்பரில் வெளியிட்டது. மிக்கி மவுஸ் கம்பெனியா இப்படி ஒரு சேற்று விளையாட்டைக் கொடுத்தது என்று அப்போது ஆச்சரியப்பட்டேன். இதில் ஓட்டுவது ஏடிவி, அதாவது நான்கு சக்கர பைக். ஒரே ரேஸில் 16 பேர் வரை ஓடுவார்கள். கம்ப்யூட்டர், பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 மூன்றிலும் வந்தது.

இதன் அடிப்படை விதியை எனக்கு ரொம்பப் பிடிக்கும். வண்டிக்கு 'பூஸ்ட்' என்ற கூடுதல் வேகம் உண்டு. அது தானாக நிரம்பாது. அந்தரத்தில் சாகசம் செய்தால்தான் நிரம்பும். செய்த சாகசத்தையே திரும்பத் திரும்பச் செய்தால் மதிப்பு குறைந்துகொண்டே போகும். பூஸ்ட் மீட்டர் ஏற ஏறத்தான் பெரிய சாகசங்களுக்கான பட்டன்கள் திறக்கும். ஆனால் முன்னால் போகிறவனைப் பிடிக்க அந்த பூஸ்ட்டை எரித்தால் மீட்டர் இறங்கிவிடும், பெரிய சாகசங்கள் மறுபடி மூடிக்கொள்ளும். கீழே விழுந்தாலும் நஷ்டம். ஒவ்வொரு மேட்டிலும் இதே யோசனைதான்: இப்போதே செலவழிப்பதா, சேர்த்து வைப்பதா?

பறப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. மேட்டின் விளிம்புக்கு முன்பே ஸ்டிக்கைப் பின்னால் இழுத்துப் பிடித்து, விளிம்பு வரும்போது சட்டென்று முன்னால் தள்ள வேண்டும். நேரம் சரியாக அமைந்தால் வண்டி இரண்டு மடங்கு உயரம் போனது போலத் தோன்றும். கீழே முழுப் பள்ளத்தாக்கும் விரியும். முதல் தடவை அப்படிப் பறந்தபோது வயிற்றுக்குள் ஜில்லென்றது. கீபோர்டிலும் ஓட்டலாம்தான், ஆனால் ஒரு கேம்பேட் இருந்தால் இந்தக் கேமே வேறு.

இப்போது கராஜுக்குள் போவோம். ஃப்ரேம், எஞ்சின், ஷாக் அப்சார்பர், சக்கரம், டயர், ஹேண்டில்பார், எக்ஸாஸ்ட், பம்பர், பெயின்ட் என்று பட்டியல் நீளும். வண்டியை ரேஸுக்காகவும் கட்டலாம், ஃப்ரீஸ்டைல் என்ற சாகசப் போட்டிக்காகவும் கட்டலாம். ஃப்ரீஸ்டைலில் யார் முதலில் வந்தார் என்பது கணக்கே இல்லை. டேங்கில் பெட்ரோல் தீர்ந்து போவதற்குள் யார் அதிகப் புள்ளி சேர்த்தார் என்பதுதான் கணக்கு. அதனால் ரேஸில் ஜெயித்த வண்டியை அப்படியே ஃப்ரீஸ்டைலுக்குக் கொண்டு போனால் முகம் தொங்கிப் போய்த்தான் திரும்புவீர்கள். குறை சொல்லாமலும் இருக்க முடியாது. பல பாகங்களுக்குள் பார்வைக்கு மட்டும்தான் வித்தியாசம். பெட்டியில் போட்டுக் கொண்ட பெருமைக்கு எண்ணிக்கையைக் கூட்டியிருக்கிறார்கள்.

ஆனால் முக்கியமான விஷயம் இதுதான். இந்த கராஜில் விலைப்பட்டியல் கிடையாது. ரூபாயும் இல்லை, டாலரும் இல்லை, வைரக்கல்லும் இல்லை. ரேஸ் ஓடுகிறீர்கள், ஜெயிக்கிறீர்கள், புதுப் பாகம் திறக்கிறது. தோற்றால் திறக்காது, மறுபடி ஓட வேண்டும். டிவிடிக்குக் கொடுத்த காசோடு கம்பெனிக்கும் உங்களுக்கும் இருந்த கொடுக்கல் வாங்கல் முடிந்தது. அதனால் மலையை வேண்டுமென்றே உயர்த்தி வைக்க அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை. மலை கஷ்டமாக இருந்தால், அது தாண்டினால் சந்தோஷமாக இருக்கும் என்பதற்காகத்தான். இந்த ஒரு வித்தியாசம்தான் என் அக்கா மகனின் போனில் இல்லாமல் போனது.

இந்தக் கதை எங்கே திரும்பியது என்று பார்த்தால் 2011ஐத்தான் சொல்ல வேண்டும். மோட்டோக்ராஸ் மேட்னஸ் செய்த அதே ஃபீனிக்ஸ் ஸ்டுடியோ, அப்போது டிஎச்க்யூ என்ற கம்பெனியின் கையில் இருந்தது. அந்த வருடம் 'எம்எக்ஸ் வெர்சஸ் ஏடிவி அலைவ்' என்ற கேமை வெளியிட்டார்கள். புது கேம்ஸ் 60 டாலருக்கு விற்ற காலத்தில் இதற்கு 40 டாலர் விலை. குறைந்த விலையில் கேமைக் கொடுத்துவிட்டு, கூடுதல் டிராக்குகளையும் பொருட்களையும் தனித்தனியாக டவுன்லோட் முறையில் விற்றுச் சம்பாதிக்கலாம் என்பது திட்டம். திட்டம் பலிக்கவில்லை. அதே 2011 ஆகஸ்டில் ஸ்டுடியோவையே மூடினார்கள். 2012 டிசம்பரில் டிஎச்க்யூவே திவால் மனு கொடுத்தது. ப்யூர் செய்த பிளாக் ராக் ஸ்டுடியோவையும் டிஸ்னி 2011லேயே மூடிவிட்டது. ப்யூருக்கு இரண்டாம் பாகம் வரவே இல்லை.

அடுத்த வருடம், 2012ல், பின்லாந்திலிருந்து ஃபிங்கர்சாஃப்ட் என்ற சின்ன கம்பெனி 'ஹில் க்ளைம்ப் ரேசிங்' என்ற மொபைல் கேமை இலவசமாக வெளியிட்டது. நீங்களே பார்த்திருப்பீர்கள், ஒரு சிவப்பு ஜீப், மேடு பள்ளம், பெட்ரோல் கேன், தலை தரையில் இடித்தால் ஆட்டம் முடிந்தது. அதிலும் எஞ்சின், சஸ்பென்ஷன், டயர் எல்லாம் மேம்படுத்தலாம். வழியில் கிடக்கும் காயின்களைச் சேர்த்து மேம்படுத்தலாம், அல்லது நிஜக் காசு கொடுத்துக் காயின் வாங்கிக் கொள்ளலாம்.

நியாயமாகச் சொல்வதென்றால் அந்த கேம் மேல் எனக்குக் கோபம் இல்லை. காசே கொடுக்காமல் பொறுமையாக ஓட்டி எல்லாவற்றையும் மேம்படுத்தியவர்களை எனக்குத் தெரியும். ப்யூர் டிவிடியையும் கேம்பேடையும் வாங்க முடியாத வீட்டுப் பையனும் அந்தச் சிவப்பு ஜீப்பை ஓட்டினான். இலவசம் என்பது அவனுக்கு சின்ன விஷயம் இல்லை. கேம் செய்கிறவர்களும் சாப்பிட வேண்டும், அதையும் மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பின் வந்த பல கேம்களில் காத்திருக்கும் நேரம், பெட்ரோல், ஷாக் அப்சார்பர் எல்லாமே கடைச் சரக்காகிவிட்டது. பையனின் பொறுமை எந்த இடத்தில் தீரும் என்று பார்த்து அந்த இடத்தில் கடையைத் திறக்கிறார்கள். பெரியவர்கள் அதில் ஏமாந்தால் அது அவர்கள் பாடு. ஏழாம் வகுப்புப் பையனிடம் இதைச் செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

எனவே கேம் கேட்கும் பிள்ளைக்கு என்ன வாங்கித் தரலாம் என்றால், என் பதில் இப்போது மாறிவிட்டது. கேம் பெயரைக் கேட்காதீர்கள், கராஜைக் கேளுங்கள். கூகுள் ப்ளேயில் இன்ஸ்டால் பட்டனுக்குப் பக்கத்திலேயே 'இன்-ஆப் பர்ச்சேஸஸ்' என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். கீழே விவரப் பகுதியில் அவை எந்த விலையிலிருந்து எந்த விலை வரை என்றும் கொடுத்திருப்பார்கள். மேல் விலையைப் பார்த்தால் தூக்கிவாரிப் போடும். கம்ப்யூட்டர் கேம்ஸ் விற்கும் ஸ்டீம் தளத்திலும் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலும் இதே குறிப்பு உண்டு. காசு ஒரு முறை கொடுத்து வாங்கும் கேம், பார்க்க விலை அதிகமாகத் தெரியும். வருடக் கடைசியில் கணக்குப் போட்டால் அதுதான் மலிவு என்பது என் அனுபவம்.

ப்ளே ஸ்டோர் செட்டிங்ஸில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி வைத்துவிடுங்கள். பாஸ்வேர்டைப் பிள்ளையை விட்டே டைப் செய்யச் சொல்லாதீர்கள், சிரிக்க வேண்டாம், என் அக்கா அதைத்தான் செய்தாள். விண்டோஸில் பிள்ளைக்குத் தனி அக்கவுண்ட் போட்டுக் கொடுத்தால் உங்கள் அனுமதி இல்லாமல் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் எதையும் வாங்க முடியாதபடி செய்யலாம்.

பழைய கேம் டிவிடி எங்காவது கிடைத்தால் ஆசையோடு வாங்கும் முன் ஒன்று யோசியுங்கள். இன்றைய பெரும்பாலான லேப்டாப்களில் டிவிடி டிரைவ் கிடையாது, யுஎஸ்பியில் செருகும் டிரைவ் தனியாக வாங்க வேண்டும். அந்தக் காலத்து சிடி பூட்டு முறைகள் சிலவற்றை விண்டோஸ் 10 ஏற்பதும் இல்லை. நான் தப்பித்தது என் பழைய டெஸ்க்டாப்பை எடைக்குப் போடாமல் வைத்திருந்ததால்தான்.

அந்த டெஸ்க்டாப்பில்தான் அக்கா மகனுக்கு ப்யூரைப் போட்டுக் கொடுத்தேன். முதல் நாள் கராஜில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பச்சைக் கலரில் ஒரு வண்டி கட்டினான். ரேஸில் 14வதாக வந்தான். "மாமா, நல்ல டயர் எங்க வாங்கணும்?" என்றான். "வாங்க முடியாதுடா, ஜெயிச்சாத்தான் தருவான்" என்றேன். நம்பாமல் எல்லா மெனுவையும் திறந்து கடையைத் தேடினான். இல்லை என்று தெரிந்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் அதே ரேஸை மறுபடி ஆரம்பித்தான்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை நான்காவதாக வந்தான். அதற்கும் மறுநாள் அக்கா போன் செய்தாள். "உங்க வீட்டுக்கு வரணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான்டா. ஏதோ டயர் தொறந்துடும்ங்கறான், இதுக்கு எவ்வளவுடா ஆகும்?"