வீட்டுக் கணினிக்கு யார் காவல்?

புது தில்லி: தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் (எய்ம்ஸ்) கணினிகள் 2022 நவம்பர் 23-ம் தேதி காலை முடங்கின. நோயாளிகள் பதிவு முதல் ஆய்வக அறிக்கை வரை அனைத்தும் சுமார் இரு வாரங்களுக்குக் கையால் எழுதப்பட்டன. 5 சர்வர்களில் இருந்த ஏறத்தாழ 1.3 டெராபைட் தகவல்கள் பூட்டப்பட்டதாக நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது.

அரசு தெரிவித்த இன்னொரு செய்தியும் உண்டு. தாக்குதலுக்கு உள்ளாகாத மாற்று சர்வரில் இருந்த நகலைக் கொண்டே மருத்துவமனையின் தகவல்கள் மீட்கப்பட்டன. நாட்டின் முதன்மை மருத்துவமனையைக் கைகொடுத்துக் காத்தது நகல்தான். 'ரேன்சம்வேர்' எனப்படும் பணம் பறிக்கும் மென்பொருளுக்கு எதிராகப் பாதுகாப்பு மென்பொருள் வாங்க நினைக்கும் ஒவ்வொரு குடும்பமும் முதலில் மனதில் கொள்ள வேண்டியது இதுவே.

எய்ம்ஸ் முடங்கியபோது இந்தியக் கணினி அவசரகால உதவிக் குழு (செர்ட்-இன்), தேசியத் தகவல் மையம், தில்லி போலீஸ் என அரசு இயந்திரமே திரண்டு வந்தது. சாதாரணக் குடும்பத்தின் கணினியில் இருக்கும் திருமணப் படங்களும், மாணவரின் ஆய்வேடும், சிறு வியாபாரியின் கணக்கும் பூட்டப்பட்டால் யார் வருவார்கள்?

விளம்பரமும் உண்மையும்: முழுப் பாதுகாப்பு தருவதாகவே எல்லா நிறுவனங்களும் விளம்பரம் செய்கின்றன. பழைய வகை வைரஸ் எதிர்ப்பு மென்பொருள்கள், ஏற்கெனவே அறியப்பட்ட தீய நிரல்களின் அடையாளங்களை வைத்தே அவற்றைப் பிடிக்கும். நேற்று எழுதப்பட்ட புதிய நிரலை இம்முறையில் பிடிக்க இயலாது. எனவே, ஏதேனும் ஒரு நிரல் குறுகிய நேரத்தில் ஏராளமான கோப்புகளை மாற்றத் தொடங்கினால் அந்த நடத்தையைக் கண்டே தடுக்கும் திறன் மென்பொருளுக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நல்ல நிரல்களையும் தீயவை எனத் தடுத்து அடிக்கடி பொய் எச்சரிக்கை தருமானால், பயன்படுத்துவோரே சலிப்படைந்து அதை அணைத்து விடுவர். ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் ஆகிய ஆய்வுக்கூடங்கள் இவற்றைச் சோதித்து முடிவுகளை வெளியிடுகின்றன. விளம்பரத்தைவிட அவை நம்பத்தக்கவை.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2017-ல் விண்டோஸ் 10-ல் முக்கியக் கோப்புறைகளைக் காக்கும் வசதியைச் சேர்த்தது. தனிக் கட்டணம் இல்லை; ஆனால் அதைப் பயன்படுத்துவோர்தான் தேடிச் சென்று இயக்க வேண்டும்.

பழைய கணினிகளின் ஆபத்து: 2017 மே 12-ல் தொடங்கிய 'வானாக்ரை' தாக்குதல் சுமார் 150 நாடுகளைப் பாதித்தது. ஆந்திரப் போலீஸ் கணினிகளும் தப்பவில்லை. அந்தத் தாக்குதல் பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை அதற்கு இரு மாதங்களுக்கு முன்பே மைக்ரோசாஃப்ட் வெளியிட்டிருந்தது. அதை உடனே நிறுவியவர்கள் தப்பினர்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. அதன் பிறகும் பாதுகாப்புத் திருத்தங்கள் தேவைப்படுவோர் அதற்கெனத் தனியே பதிவு செய்து கொள்ள வேண்டும். பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11-ஐ நிறுவ முடியாது. புதுக் கணினி வாங்க இயலாத குடும்பங்களே இதனால் அதிகம் பாதிக்கப்படும். விலை கொடுக்க முடியாமல் திருட்டு மென்பொருளை நாடுவோரின் நிலை இன்னும் மோசம். வீட்டுக் கணினிகளைக் குறிவைத்த 'ஸ்டாப்' வகைத் தாக்குதல் பெரிதும் அந்த வழியாகவே பரவியது.

சட்டம் எங்கே நிற்கிறது?: தாக்குதல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் செர்ட்-இன் உத்தரவிட்டது. இது நிறுவனங்களுக்கும் அரசுத் துறைகளுக்கும் உரியது. தனிநபருக்கு 1930 என்ற உதவி எண்ணும், இணையவழிப் புகாரும் உள்ளன. ஆனால் வங்கி வழியே செல்லும் மோசடிப் பணத்தை நிறுத்துவதே அந்த எண்ணின் முதன்மைப் பணி. பிட்காயினாகக் கொடுத்த பணத்தை அவ்வாறு தடுப்பது அரிது. பணம் கொடுத்தாலும் கோப்புகள் திரும்பும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

2017-ல் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா மையத்தின் மூலம் இலவசத் துப்புரவுக் கருவிகளை மத்திய அரசு வழங்குகிறது. தீய நிரலை நீக்க அவை உதவும்; பூட்டப்பட்ட கோப்பைத் திறக்க உதவா. தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் கீழ் தரச் சோதனைக்கென்றே தனி இயக்ககம் இருக்கிறது. சந்தையில் விற்கும் பாதுகாப்பு மென்பொருள்களை ஆண்டுதோறும் சோதித்து, முடிவுகளை எல்லா மாநில மொழிகளிலும் வெளியிடும் பொறுப்பை அதனிடம் ஒப்படைக்கலாம். அரசு சேவைகள் அனைத்தையும் கணினிக்கு மாற்றும் ஓர் அரசு, அந்தக் கணினியைக் காக்கும் வழியையும் மக்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டுள்ளது.

அதுவரை, முக்கியக் கோப்புகளைத் தனி வன்தட்டில் நகலெடுத்து, எடுத்தவுடன் கணினியிலிருந்து கழற்றி வைப்பதே எளிய காவல். இணைப்பிலேயே விட்ட வன்தட்டையும் ரேன்சம்வேர் பூட்டிவிடும்.