பிரெய்ல் டிஸ்ப்ளேவை யார் காசுல வாங்கணும்?



"போன்தான் எல்லாத்தையும் படிச்சுக் காட்டுதே, அப்புறம் எதுக்குங்க தனியா ஒரு பிரெய்ல் மெஷின்?" பார்வை மாற்றுத்திறனாளி ஒருத்தர் உங்க டீம்ல இருந்தா, இந்தக் கேள்வி என்னைக்காவது ஒருநாள் உங்க காதுல விழும். என் கருத்து இதுதான்: பிரெய்ல் படிக்கத் தெரிஞ்சவருக்கு அந்த மெஷின் தேவை. அதை அவர் தன் சம்பளத்துல வாங்கக் கூடாது, கம்பெனிதான் வாங்கித் தரணும். ஏன்னு கணக்கோட சொல்றேன்.

முதல்ல, அது என்ன பண்ணுது?

கையில் எடுத்துட்டுப் போற மாதிரி சின்னப் பெட்டி. மேல வரிசையா 14, 20 அல்லது 40 செல். பொதுவா ஒரு செல்லுக்கு 8 ஊசிமுனைப் புள்ளிகள். ப்ளூடூத்துல போனோட இணைச்சா, ஸ்க்ரீன்ல இருக்கிற எழுத்துக்கு ஏத்த மாதிரி அந்தப் புள்ளிகள் மேல வரும், கீழ போகும். விரலால தடவிப் படிக்கலாம். பல மாடல்களில் பிரெய்ல் கீபோர்டும் இருக்கு, பதிலும் டைப் பண்ணலாம். ஐபோன்ல வாய்ஸ்ஓவர் 2010-லேயே இதுக்கு வசதி கொடுத்துடுச்சு. ஆண்ட்ராய்டுல முன்னாடி தனி ஆப் போடணும்; 2022-லிருந்து டாக்பேக் உள்ளேயே வந்துடுச்சு.

பேச்சு போதாதா?

வாட்ஸ்அப், செய்தி, பாட்டுக்கெல்லாம் போதும். ஆனா நம்ம விஷயம் பணம். ஆபீஸ்ல உட்கார்ந்து பே ஸ்லிப்பை போன் சத்தமா படிச்சா பக்கத்து சீட்டுக்கும் கேட்கும். ஹெட்போன் போட்டா மீட்டிங்ல பாதி காது போச்சு. டிஸ்ப்ளே இருந்தா, சத்தத்தை அணைச்சுட்டு, ஐபோன்ல ஸ்க்ரீனையும் கறுப்பாக்கிட்டு, விரல் நுனியில் பேலன்ஸ் பார்க்கலாம். அவர் பேலன்ஸ் அவருக்கு மட்டும்தான் தெரியும். நம்ம எல்லாருக்கும் இது சாதாரணமா கிடைக்கிற விஷயம், அதனால அதோட மதிப்பு நமக்குத் தெரியறதில்லை.

இன்னொண்ணு, எழுத்து. பேச்சு உச்சரிப்பைத்தான் சொல்லும். பான் கார்டுல 'கார்த்திக்' பேருக்கு நடுவுல எச் இருக்கா, ஆதார்ல இல்லையா? ஐஎஃப்எஸ்சி கோட்ல ஐந்தாவது இடம் எப்பவும் பூஜ்யம்தான். அங்க தப்பா ஓ விழுந்திருக்கா? இதைக் காதால பிடிக்கணும்னா ஒவ்வொரு எழுத்தா நிறுத்தி நிறுத்திக் கேட்கணும். விரலுக்கு அது தடவின உடனே தெரியும். பேர் பொருந்தாததால பான்-ஆதார் இணைப்பு சிக்கி நிக்கறதை என் ஆபீஸ்ல அடிக்கடி பார்க்கிறேன்.

விலை ஏன் அதிகம்?

20 செல்லுன்னா 160 புள்ளி. ஒவ்வொண்ணையும் தனித்தனியா ஏத்தி இறக்க ஒரு அமைப்பு வேணும். வாங்குறவங்களும் கம்மி. அதான் அமெரிக்காவுலயே 40 செல் மாடல்கள் சுமார் 3,000 டாலர் வரைக்கும் போகுது. ஆர்பிட் ரீடர் 20 மாதிரி விலை குறைஞ்ச கருவிகள் வந்த பிறகும், ஒரு நல்ல போனைவிட மலிவுன்னு சொல்ல முடியாது.

இப்ப வரிக் கணக்கு

உதாரணத்துக்கு ஒரு கருவி 1 லட்சம்னு வெச்சுக்குவோம். ப்ராக்டீஸ் பண்ற நான் என் ஆபீஸுக்கு வாங்கினா, தேய்மானம் போட்டு வருமானத்துல கழிச்சுக்கலாம். சம்பளக்காரருக்கு அந்த வழியே கிடையாது. 75,000 ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்தான் (புதிய முறையில்), அது கருவி தேவைப்படாதவருக்கும் அதே 75,000. அப்போ 30% ஸ்லாபில் இருக்கிறவர், 4% செஸ்ஸும் சேர்த்தா, 1 லட்சம் கையில் நிக்க கிட்டத்தட்ட 1,45,000 சம்பாதிக்கணும்.

"80யூ இருக்கே"ன்னு கேட்பீங்க. பழைய வரி முறையில் 75,000, ஊனம் 80 சதவீதமோ அதுக்கு மேலயோ இருந்தா 1,25,000 கழிவு. பில் எதுவும் வேண்டாம், சான்றிதழ் போதும். ஆனா இப்ப டீஃபால்ட்டா இருக்கிற புதிய முறையில் அது கிடையாது. புதிய முறையிலும் கிடைக்கிறது, பார்வை மாற்றுத்திறனாளி ஊழியருக்கான போக்குவரத்துப் படி: 2025-26 கணக்குப்படி மாசம் 3,200, வருஷத்துக்கு 38,400 வரை வரி இல்லை. அது உங்க சம்பள அமைப்புல தனியா காட்டப்பட்டிருக்கணும். பலருக்கு அப்படிக் காட்டறதே இல்ல, பே ஸ்லிப்பை எடுத்துப் பாருங்க. ஆனா இதுவும் ஆபீஸ் வந்துபோற செலவுக்குத்தான், கருவிக்கு இல்ல.

அதையே கம்பெனி வாங்கினா? கம்பெனிக்கு தேய்மானம் கிடைக்கும். ஆபீஸ் வேலைக்காகக் கொடுக்கிற கருவி, உங்க லேப்டாப் மாதிரி, ஊழியர் சம்பளத்துல சேராது. அவர் பேருக்கே மாத்திக் கொடுத்துட்டா கணக்கு வேற, அதனால கம்பெனி சொத்தாகவே இருக்கட்டும். நம்ம மானிட்டருக்கும் நாற்காலிக்கும் நம்மகிட்ட யாராவது இஎம்ஐ கட்டச் சொல்றாங்களா?

இது தர்மமா?

இல்லைங்க. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 21 படி ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை வெளியிடணும். 20 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற தனியார் நிறுவனத்தோட கொள்கையில் உதவிக் கருவிகள் பற்றியும் இருக்கணும்னு 2017 விதிகள் சொல்லுது. 2025 ஏப்ரல் 30-ல் உச்ச நீதிமன்றம், கேஒய்சி வழக்குல, டிஜிட்டல் சேவைகளை அணுகறது வாழ்வுரிமையோட ஒரு பகுதின்னே சொல்லிடுச்சு.

ரெண்டு எச்சரிக்கை

பார்வை இல்லாத எல்லாருக்கும் பிரெய்ல் தெரியாது. வயசான பிறகு பார்வை போனவங்க பலர் பேச்சை வெச்சே நல்லா வேலை பார்க்கிறாங்க. அவங்களுக்கு இதைத் திணிக்கக் கூடாது. வாங்கறதுக்கு முன்னாடி அவர் கையிலேயே கொடுத்து, அவர் போன்ல இணைச்சு, அவர் பேங்க் ஆப்பைத் திறந்து பார்க்கச் சொல்லணும். ஏன்னா ஆப்ல பட்டனுக்குப் பேர் வைக்கலைன்னா டிஸ்ப்ளேவும் வெறும் 'பட்டன்'னுதான் காட்டும். லட்ச ரூபாய் கருவியாலயும் அதைச் சரி பண்ண முடியாது.

நீங்க பண்ண வேண்டியது

நீங்க பார்வை மாற்றுத்திறனாளின்னா: பர்சனல் லோன் பட்டனை அமுக்கறதுக்கு முன்னாடி எச்ஆருக்கு ஒரு மெயில் போடுங்க. எந்த மாடல், என்ன விலை, எந்த வேலைக்கு - மூணு வரி போதும். சம வாய்ப்புக் கொள்கையோட காப்பியும் கேளுங்க.

உங்களுக்குப் பார்வை இருந்தா: அந்த மெயிலுக்கு முதல் ஆதரவு உங்ககிட்டிருந்து வரட்டும். டீம் லீடா இருந்தா அடுத்த பட்ஜெட்ல ஒரு வரி சேருங்க. ஒரே வேலை, ஒரே சம்பளம்னு பேசறோம். வேலை செய்யவே ஒருத்தர் மட்டும் கைக்காசு போடணும்னா, அது ஒரே சம்பளம் கிடையாது.