கூடமே கோணலாக இருக்கும்போது

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்ற பழமொழியைக் கருவியைக் குறைசொல்லும் யார்மீதும் சுலபமாக வீசிவிடலாம். பேனா டேப்லெட்டைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் தப்பான ஆள்மீது போய் விழுகிறது. காகிதத்தில் நன்றாக வரையும் பிள்ளை ஒன்று, திரையில்லாத சிறிய டேப்லெட்டைக் கணினியில் செருகி வட்டம் போட்டால் அது முட்டையாக வருகிறது. மெல்லிய கோடு வரவேண்டிய இடத்தில் ஒன்றுமே விழுவதில்லை, கொஞ்சம் அழுத்தினால் தடியாக விழுகிறது. சில வாரங்களில் டேப்லெட் அலமாரிக்குப் போய்விடும். பிள்ளை தனக்கு டிஜிட்டல் ஓவியம் வராது என்று முடிவு கட்டும். பெற்றோர் விலை கூடியதாக வாங்கியிருக்கலாமோ என்று நினைப்பார்கள். இரண்டும் அவசரத் தீர்ப்பு. கையைக் குறைசொல்வதற்கும் காசைக் கூட்டுவதற்கும் முன்பு, டேப்லெட் எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

முட்டையான வட்டத்திலிருந்தே தொடங்கலாம். வாக்கம் நிறுவனத்தின் இன்டுவோஸ், ஒன் பை வாக்கம் ஆகிய இரண்டு வரிசைகளிலும் சிறிய மாடலின் வரைபரப்பு 152 மி.மீ. அகலம், 95 மி.மீ. உயரம், அதாவது 16-க்கு 10. பல மானிட்டர்களோ 1920-க்கு 1080 பிக்சல். அதாவது 16-க்கு 9. டேப்லெட்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை நிறுவியதும் முழுப் பரப்பும் முழுத் திரைக்கு இழுத்துப் பொருத்தப்படுகிறது. கை 50 மி.மீ. விட்டத்தில் பிசிறில்லாத வட்டம் போட்டாலும் திரையில் விழுவது சுமார் 630 பிக்சல் அகலமும் 570 பிக்சல் உயரமும் உள்ள நீள்வட்டம். இரண்டு மானிட்டர் வைத்திருந்து, டேப்லெட் இரண்டுக்கும் சேர்த்துப் பொருந்தியிருந்தால் நிலைமை இன்னும் மோசம்: கை பக்கவாட்டில் 1 மி.மீ. நகர்ந்தால் 25 பிக்சல், மேல்கீழாக நகர்ந்தால் 11 பிக்சல். கருவி பொய் சொல்லவில்லை. பேனாவின் முனை எங்கே இருக்கிறது என்பதை அது துல்லியமாகவே அளக்கிறது. அந்த அளவு திரைக்கு மாற்றப்படும் இடத்தில்தான் கோணல் புகுகிறது. திருத்தவும் அதிக வேலையில்லை. டிரைவரின் செட்டிங்ஸில் ஒரே ஒரு மானிட்டரைத் தேர்ந்தெடுத்து, விகிதத்தைக் கட்டாயமாக்கும் பெட்டியில் ஒரு டிக் போட்டால் போதும். பரப்பின் ஓரத்தில் 9.5 மி.மீ. பயன்படாமல் போகும், அதற்கு ஈடாக வட்டம் வட்டமாகவே விழும்.

அடுத்தது அழுத்தம். கடைகளில் 2048, 4096, 8192 என்று அழுத்த நிலைகளின் எண்ணிக்கையைக் காட்டித்தான் விலை சொல்கிறார்கள். இந்த எண்ணை அளவுக்கு மீறி நம்பத் தேவையில்லை. வழக்கமான 8 பிட் படத்தில் ஒரு வண்ணத்துக்கு இருப்பதே 256 படிகள்தான். 20 பிக்சல் தடிமன் வரை போகும் பிரஷை 2048 நிலைகளாகப் பிரித்தால் ஒரு நிலைக்கு வருவது பிக்சலில் நூறில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு அழுத்த வளைவில்தான் இருக்கிறது. கை எவ்வளவு அழுத்தினால் கோடு எவ்வளவு தடிக்க வேண்டும் என்று தீர்மானிப்பது அந்த வளைவு. பால்பாயிண்ட் பேனாவை ஊன்றி எழுதிப் பழகியவரின் கையும் பென்சிலை மேலோட்டமாகத் தடவி வரைபவரின் கையும் ஒன்றல்ல. மென்மையான கைக்கு வளைவின் தொடக்கத்தை மேலே தூக்கிவிட வேண்டும். ஊன்றும் கைக்குக் கீழே இறக்க வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் கிருதா போன்ற மென்பொருளிலும் இந்த வசதி உண்டு. மயிரிழைக் கோட்டில் தொடங்கி, மணிக்கட்டு வலிக்காத அளவில் மிகத் தடித்த கோடு வரை பத்துக் கோடுகள் போட்டுப் பார்த்தால், வளைவு கைக்குப் பொருந்துகிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

மீதமுள்ளவை சிறியவை. பேனாவைத் தூக்கி மறு மூலையில் வைத்தால் கர்சரும் அங்கே தாவ வேண்டும்; தாவவில்லை என்றால் டேப்லெட் மவுஸ் முறையில் இருக்கிறது என்று பொருள். விண்டோஸில் பேனாவை ஊன்றியபடி நிறுத்தினால் வலது கிளிக் வரும் ஏற்பாட்டை அணைத்துவிட வேண்டும். நிதானமாகத் தொடங்கும் கோடுகளை அது தடுக்கும். வேறு நிறுவனத்தின் பழைய டிரைவர் இருந்தால் முதலில் நீக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கிடைக்கோடு ஒன்று போட்டுப் பார்க்கலாம்; அது சாய்ந்து விழுந்தால், சாயாமல் விழும் வரை டேப்லெட்டை மேசைமேல் திருப்பி வைக்க வேண்டும்.

கை எதற்கும் பழகிக்கொள்ளும், பிறகு எதற்கு இத்தனை பாடு என்று கேட்பவர்கள் உண்டு. பழகும் என்பது உண்மையே. 1890-களில் அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் ஸ்ட்ராட்டன், உலகத்தைத் தலைகீழாகக் காட்டும் லென்ஸைக் கண்ணில் அணிந்து பல நாள் நடமாடினார். நாள் செல்லச் செல்ல கண்ணும் கையும் இசைந்துபோயின. ஆனால் இந்தச் சான்று அமைப்பின் முக்கியத்துவத்தைக் கூட்டுகிறதே தவிரக் குறைக்கவில்லை. கொடுத்ததை அப்படியே கற்றுக்கொள்வது மூளையின் இயல்பு என்றால், கோணலைக் கொடுத்தால் கோணலைத்தான் கற்கும். வட்டத்துக்காக முட்டை போடப் பழகிய கை காகிதத்துக்குத் திரும்பும்போது தடுமாறும். மானிட்டரை மாற்றினால் எல்லாவற்றையும் மீண்டும் கற்க வேண்டியிருக்கும்.

திரையுள்ள டேப்லெட்டையோ ஐபேடையோ வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லையே என்பது இன்னொரு வாதம். வட்டம் முட்டையாகும் சிக்கல் அங்கே இல்லை, ஒப்புக்கொள்கிறேன். கையையும் கோட்டையும் ஒரே இடத்தில் பார்ப்பது பெரிய வசதி என்பதிலும் ஐயமில்லை. ஆனால் அழுத்த வளைவு அங்கேயும் இருக்கிறது. ஐபேடின் ப்ரோகிரியேட் செயலியிலேயே அதை மாற்றிக்கொள்ள இடம் வைத்திருக்கிறார்கள். திரையுள்ள டேப்லெட்டில் பேனா முனைக்கும் கர்சருக்கும் இடையிலான விலகலைத் தனியாகச் சரிசெய்ய வேண்டும். கழுத்துக் குனிவையும் கவனிக்க வேண்டும். திரையில்லாத டேப்லெட் ஏழைக்கென்று பின்னால் செய்த மாற்றுப் பொருளும் அல்ல. அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் 1964-இல் வெளியிட்ட டேப்லெட்டிலேயே, கை 10 அங்குலச் சதுரப் பலகையில் நகர, கண் எதிரிலுள்ள திரையைப் பார்த்தது. பணம் இருப்பவர் திரையுள்ளதை வாங்கட்டும். இல்லாதவர் அதற்காக வரையாமல் காத்திருக்க வேண்டியதில்லை.

மூன்றாவது மறுப்பில்தான் எடை அதிகம். செட்டிங்ஸைத் திருகிக்கொண்டே இருப்பவர் வரைவதில்லை. புது பிரஷ், புது வளைவு என்று நாளைக் கழிப்பார். இந்த ஆபத்து உண்மையானது. அதனால்தான் அமைப்பை ஒரே அமர்வில் முடித்துவிட வேண்டும் என்கிறேன். அரை மணி நேரம் ஒதுக்கி விகிதம், வளைவு, கோணம் மூன்றையும் தீர்மானித்துவிட்டு, ஒரு மாதத்துக்கு அந்தப் பக்கமே போகக் கூடாது. பழக்கம் நிலைப்பதற்குக் கருவி மாறாமல் இருக்க வேண்டும். தினமும் வளைவை மாற்றுபவரும் கோணலான வளைவோடு காலம் தள்ளுபவரும் கைக்கு ஒரே அநீதியைத்தான் செய்கிறார்கள்.

இந்த அரை மணி நேரம் யார் பொறுப்பு? வரையத் தொடங்கும் பிள்ளைக்கு டிரைவர் என்றால் என்னவென்றே தெரியாது. இயல்பாக வரும் அமைப்பே சரியானது என்றுதான் அது நம்பும். தயாரிப்பாளர் எல்லாருடைய மேசைக்கும் பொதுவான ஒன்றைத் தருகிறார். அது யாருடைய கைக்கும் அளவெடுத்துச் செய்ததல்ல. எனவே டிஜிட்டல் ஓவிய வகுப்பின் முதல் நாளில் லேயர், பிரஷ் பாடங்களுக்கு முன்பு, ஒவ்வொரு மாணவரின் டேப்லெட்டையும் அவரவர் கைக்குப் பொருத்தித் தர வேண்டும். வகுப்புக்குப் போகாத பிள்ளைக்கு டேப்லெட் வாங்கித் தரும் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து இதைச் செய்யலாம். அமைப்பு சரியான பிறகும் வட்டம் கோணினால், அது கையின் பிழை என்று உறுதியாகச் சொல்லலாம். கையின் பிழையைத் திருத்த ஆசிரியருக்கு வழி தெரியும். எது கையின் பிழை, எது அமைப்பின் பிழை என்று பிரிக்காமலே ஒரு பிள்ளையிடம் உனக்கு வராது என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.