சாவுக்குப் போகிறவர் கதி என்ன? தவணை முறையில் தாமதமாகும் விமானம்!

இரவு 2 மணி. தாம்பரத்தில் ஒரு குமாஸ்தா வீட்டில் போன் அடிக்கிறது. மதுரையில் இருந்து தம்பி.

"அண்ணே... அம்மா போயிட்டாங்கண்ணே."

இந்தக் குமாஸ்தா ஒரு பேச்சுக்குச் சொன்ன ஆள்தான். ஆனால் இப்படி ஒருவர் இல்லாத தெரு சென்னையில் ஏது? மூத்த பிள்ளை. அவர் போய்த்தான் கொள்ளி வைக்க வேண்டும். கைமாற்று வாங்கி, காலை 6 மணி விமானத்துக்கு டிக்கெட் எடுக்கிறார். 4 மணிக்கே மீனம்பாக்கம் போய்விடுகிறார்.

6 மணி விமானம் 7.30 என்று போர்டில் மாறுகிறது. 7.30 ஆனதும் 9 மணி என்கிறார்கள். 9 மணிக்கு, "இன்னும் கொஞ்ச நேரம் சார்."

என்ன காரணம்? "ஆபரேஷனல் ரீசன்" என்கிறார் கவுண்ட்டரில் இருக்கும் பெண். அப்படி என்றால் என்ன என்று அவருக்கும் யாரும் சொல்லவில்லை, பாவம்.

3 மணிக்கு கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறி இருந்தால், 11 மணி, 12 மணிக்குள் மாட்டுத்தாவணியில் இறங்கி இருப்பார். பறந்து போக ஆசைப்பட்டவர் இன்னும் மீனம்பாக்கத்தில் நிற்கிறார்!

தவணையில் ஒரு தந்திரம்

இங்கேதான் விஷயம் இருக்கிறது. விமானப் போக்குவரத்து இயக்குனரகம் (டி.ஜி.சி.ஏ.) பயணிகளுக்காக விதி போட்டிருக்கிறது. இரண்டரை மணி நேரத்துக்கு உட்பட்ட பயணம் என்றால், 2 மணி நேரம் தாமதமானாலே சாப்பாடு, டிபன் கொடுக்க வேண்டும். 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகும் என்றால், வேறு விமானம் அல்லது முழுப் பணம் திரும்ப. எது வேண்டும் என்று பயணியைக் கேட்க வேண்டும்.

விமானத்தை ரத்து செய்துவிட்டு முன்கூட்டியே சொல்லவில்லை என்றால் நஷ்டஈடும் உண்டு. ஒரு மணி நேரம் வரையுள்ள பயணத்துக்கு 5,000 ரூபாய், 2 மணி நேரம் வரை 7,500, அதற்கு மேல் 10,000. அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. இரண்டில் எது குறைவோ அது! மழை, மூடுபனி என்றால் இந்தப் பணம் கிடையாது.

கவனியுங்கள். ரத்து என்றால் பணம். தாமதம் என்றால் இட்லி! அதனால் ஒன்றரை மணி, ஒன்றரை மணி என்று பிட்டுப் பிட்டுச் சொன்னால், 6 மணி நேரத் தாமதம் என்று ஒருமுறைகூட வாயைத் திறந்து சொல்ல வேண்டியதில்லை. வேண்டுமென்றே செய்கிறார்களா, அவர்களுக்கே தெரியாமல் நடக்கிறதா? எப்படியோ, மாட்டிக்கொள்வது பயணிதான். முதலிலேயே "12 மணிக்குத்தான் கிளம்பும்" என்று சொன்னால் அவர் பஸ்சுக்கு ஓடி இருப்பாரே!

2025 டிசம்பரில் நடந்தது

2025 டிசம்பர் முதல் வாரம் நாடே பார்த்தது. இண்டிகோ விமானங்கள் நூற்றுக்கணக்கில் நின்றன. டிசம்பர் 5-ந் தேதி மட்டும் ஆயிரத்துக்கு மேல் ரத்து. அன்று சென்னையில் இருந்து அந்தக் கம்பெனியின் உள்நாட்டு விமானங்கள் மாலை 6 மணி வரை கிளம்பாது என்று அறிவித்தார்கள். ஹூப்ளியில் ஒரு கல்யாண வரவேற்பு. மணமக்கள் வந்து சேர முடியவில்லை. பெற்றோர் மேடையில் உட்கார்ந்தார்கள். ஜோடி வீடியோவில் தலைகாட்டியது!

காரணம் புயலா? இல்லை. விமானிகளுக்கு ஓய்வு கொடுக்கும் புதிய விதி. வாரத்துக்கு 36 மணி நேரமாக இருந்த ஓய்வு 48 மணி நேரம் ஆனது. இரவில் தரை இறக்குவது 6-ல் இருந்து 2 ஆகக் குறைந்தது. நல்ல விதிதான். தூக்கம் கெட்ட டிரைவர் ஓட்டும் பஸ்சில் நாம் ஏறுவோமா?

இந்த விதி திடீரென்று முளைத்ததும் அல்ல. 2024 ஜனவரியிலேயே அறிவித்தது. 2025 ஜூலையில் பாதி, நவம்பரில் மீதி அமலுக்கு வந்தது. ஏறக்குறைய 2 வருஷ அவகாசம். அதற்குள் தேவையான விமானிகளைச் சேர்த்து, அட்டவணையைச் சரி செய்திருக்க வேண்டாமா?

கடையில் ஆள் பத்தாது என்றால் அண்ணாச்சி பாதி ஷட்டரை இறக்குவார். நமக்குப் பக்கத்துக் கடை இருக்கிறது. ஆனால் உள்நாட்டில் பறக்கும் 100 பேரில் 60 பேருக்கு மேல் ஒரே கம்பெனியில் போகிறார்கள். அந்தக் கடை ஷட்டரை இறக்கினால் மற்ற கடையில் விலை கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிறது. போகத்தானே செய்யும்?

டிசம்பர் 6-ந் தேதி மத்திய அரசு கட்டணத்துக்கு உச்சவரம்பு போட்டது. 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய். 1,500-க்கு மேல் போனால் 18,000. ரெயில்வே 37 ரெயில்களில் 116 பெட்டிகள் கூடுதலாக இணைத்தது. ஓய்வு விதியிலும் அந்தக் கம்பெனிக்கு 2026 பிப்ரவரி 10 வரை சலுகை கிடைத்தது. கோளாறு செய்தவருக்கு சலுகை, காத்திருந்தவருக்கு வரிசை! உச்சவரம்பு வந்ததும் முதல் மூன்று, நான்கு நாள் ஜனங்கள் அடிபட்ட பிறகுதான்.

என்ன செய்யலாம்?

அவசரத்துக்குப் போகிறவர் முதல் தாமதத்தை அறிவித்ததுமே கவுண்ட்டரில் ஒன்று கேட்க வேண்டும். "விமானம் இப்போது எந்த ஊரில் நிற்கிறது?" இங்கே இன்னும் வந்து சேராத விமானம் இங்கிருந்து கிளம்பாது. வேறு ஊரில் நிற்கிறது என்றால் அது பறந்து வரும் நேரம், இறங்கி ஏற்றும் நேரம் எல்லாம் நீங்களே கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம். வரும் எஸ்.எம்.எஸ்.களை அழிக்க வேண்டாம். கம்பெனி கை விரித்தால் மத்திய அரசின் 'ஏர்சேவா'வில் புகார் கொடுக்க அதுதான் சாட்சி.

நம் குமாஸ்தாவுக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்? தம்பி மறுபடி போன் போடுகிறான்.

"அண்ணே, பொழுது சாயறதுக்குள்ள எடுத்துடணும்னு பெரியவங்க சொல்றாங்க. எங்கண்ணே இருக்கீங்க?"